வாளோடு வந்த இரண்டு பேர்

என் மனைவி யோகமலர் என்னிடம் கேட்டுவிட்டுப் பொருள் கொடுக்கிற ஆள் இல்லை. குளிர் ஜக்கெற், இடியப்ப உரல், கராஜில் கிடந்த ஏணி என்று அவள் கோயிலுக்கு வாரி வழங்கியதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன். ஆனால் போன நவராத்திரியில், விஜயதசமிக்கு மூன்று நாள் இருக்க, கோயிலால் வந்து சப்பாத்தைக் கழற்றியபடியே அவள் சொன்னதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"இஞ்சேருங்கோ, வாழைவெட்டுக்கு உங்கட வாளைத் தாறம் எண்டு றூபனிட்டச் சொல்லிப்போட்டன்."

விஜயதசமியன்று ஒரு வாழையை மகிடாசுரனாகப் பாவித்து நட்டு, அம்மன் முன்னிலையில் ஐயர் அதை வாளால் வெட்டுவது எங்கள் வழக்கம். இந்தக் குளிர் நாட்டில் எங்கள் கோயில் முன்பு கதிரை மேசை அடுக்கி வைத்த களஞ்சியமாக இருந்த கட்டடம். அதற்கு முந்தின வருடம் அங்கே ஐயர் வாளை ஓங்கிய வேகத்தில் பிடி மட்டும் கையில் நிற்க, அலகு பறந்துபோய் நாதஸ்வரக்காரரின் காலடியில் விழுந்தது. அவர் வாசிப்பை நிறுத்தவே இல்லை என்று சனம் இன்னும் சொல்லிச் சிரிக்கும். நிர்வாகம் அந்த வாளை ஒதுக்கிவிட்டது. புதியது ஊரிலிருந்து வந்துசேரவில்லை. கோயில் செயலாளர் றூபன் தலையில் கைவைத்து நிற்க, என் மனைவி வள்ளல் ஆகிவிட்டாள்.

என் வாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது யப்பானிய வாள். சாமுராய்மார் இடுப்பில் செருகியது. செய்து முந்நூற்று அறுபது வருடம் ஆகிறது. நான் கார் உதிரிப்பாகங்கள் செய்யும் ஃபக்ரரியில் வெட்டுக் கருவிகளுக்குச் சாணை பிடிக்கிற வேலைக்காரன். உருக்கைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் அந்த அலகின் ஓரமாக ஓடுகிற வெண்பனி மாதிரியான கோட்டை முதல் தரம் பார்த்த அன்று நான் சாணைக்கல்லைத் தூக்கிப்போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம் என்று நினைத்தேன். மோர்னிங்சைட் வீட்டு பேஸ்மென்றில் அதோடு இன்னொரு குறுவாளும், ஓர் ஈட்டியும், நீண்ட தடியின் நுனியில் வளைந்த அலகு பூட்டிய நகினாத்தா ஒன்றும் இருக்கின்றன. அந்த நகினாத்தாவைப் படியால் இறக்க முடியாமல் யன்னலால்தான் இறக்கினோம். யோகம் அதை மாங்காய் பறிக்கிற கொக்கத்தடி என்பாள். "மாமரம்தான் இல்லை" என்று வருகிறவர்களிடம் சொல்லியும் காட்டுவாள்.

வாளின் அலகை நான் கையால் தொடுவதில்லை. வேர்வை பட்டால் கறள் பிடிக்கும். எச்சில் தெறித்தாலும் அப்படித்தான் என்று அதற்கு நேரே வாய்திறந்து கதைப்பதும் இல்லை. மாதம் ஒருமுறை மெல்லிய கடதாசியால் துடைத்து, கராம்பு மணக்கும் எண்ணெயை ஒற்றி வைப்பேன். இதைக் கொண்டுபோய் வாழையில் போடுவதா? வாழைக்கயரின் கறை சட்டையில் பட்டாலே ஏழேழு பிறப்புக்கும் போகாது!

"வெட்டாத வாள் ஆருக்கு? அம்மன்ர காரியம்தானே, ஒருக்கா வெட்டட்டும்" என்றாள் யோகம்.

"யோகம், நீர் உம்மட கூறைச்சேலையால சட்டி துடைப்பீரோ?"

"அம்மன் கேட்டால் துடைப்பன்."

இப்படிச் சொல்கிறவளோடு என்னத்தைக் கதைக்கிறது?

மறுநாள் பின்னேரம் றூபன் ஐயரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஐயர் இளம் ஆள், ஊரிலிருந்து வந்து இரண்டு வருடம்தான். பேஸ்மென்றுக்கு இறங்கி வந்து, ஈட்டியைக் கண்டதும் வேல் என்று நினைத்துக் கும்பிட்டார். நான் திருத்தவில்லை. வாளை உறையிலிருந்து உருவிக் காட்டினேன். றூபன் விசில் அடித்தார்.

"அண்ணை, உது வாழையை இல்லை, வாழைத்தோட்டத்தையே விழுத்தும்."

"அதுதான் தரேலாது எண்டுறன்."

"அக்கா ஓம் எண்டவா."

"அக்காட வாள் இல்லை இது."

யோகம் படியில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஐயர் சங்கடத்தோடு, சும்மா கதையை மாற்றுகிற மாதிரி, "இது முந்தி ஏதும் வெட்டினதோ?" என்று கேட்டார்.

எனக்குள் ஒரு வெளிச்சம் அடித்தது. இதை ஏன் இவ்வளவு நேரமும் நினைக்கவில்லை என்று என்னையே பாராட்டிக்கொண்டேன்.

வாளின் பிடியில் ஒரு சின்ன மூங்கில் ஆணி இருக்கும். அதைத் தட்டி எடுத்தால் பிடி கழன்று வரும். உள்ளே மறைந்திருக்கிற இரும்பில் ஒரு பக்கம் கொல்லனின் பேர். மறுபக்கம், தங்கத்தில் பதித்த எழுத்துகள். பிடியைக் கழற்றி அதை நான் ஐயரின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"அந்தக் காலத்தில சண்டையெல்லாம் ஓய்ஞ்சு போச்சு ஐயா. வாள் நல்லதோ எண்டு பாக்க வழியில்லை. அதால மரணதண்டனை குடுத்த ஆக்களின்ர உடம்பை அடுக்கி வைச்சு வெட்டிப் பாப்பினம். அதுக்கெண்டே ஆள் இருந்தது. இதில அப்பிடித்தான் எழுதியிருக்கு. ஒரே வெட்டில ரெண்டு உடல்."

ஐயர் இரண்டு அடி பின்னுக்குப் போனார். அவருடைய முதுகு நகினாத்தாவில் இடித்தது.

"பிணத்தையோ?"

"ஓம் ஐயா. ரெண்டு."

"சிவ சிவா. இதை வாசலுக்கும் கொண்டுவரப்படாது. தீட்டெல்லோ!"

நான் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்குக் கும்மாளம். றூபன் தலையைச் சொறிந்துகொண்டு போனார். விஜயதசமி அன்று பக்கத்துக் கோயிலில் வெட்டி முடித்த கையோடு அவர்களின் வாளைக் காரில் ஓடிப்போய் வாங்கிவந்து காரியத்தை ஒப்பேற்றினார்கள்.

என் கும்மாளம் அதுவரைக்கும் இருக்கவில்லை. ஐயரின் கார் தெருமுனை திரும்பு முன்னமே யோகம் கதிரையில் குந்திவிட்டாள்.

"எத்தினை வருசம் உது இந்த வீட்டில இருக்கு?"

"பதினொண்டு."

"பதினொரு வருசமா உதுக்கு நேர மேலதான் சாமியறை. உது பிணம் வெட்டினதெண்டு உங்களுக்குத் தெரியும்."

"அது சரித்திரம், யோகம். உலகத்தில எல்லா மியூசியத்திலயும்..."

"இது மியூசியம் இல்லை. நான் விளக்கு வைக்கிற வீடு. ஒண்டில் அது இருக்கட்டும், இல்லாட்டி நான் இருக்கிறன்."

யோகம் கத்தினால் எனக்குப் பயமில்லை. அன்று அவள் கத்தவில்லை.

இரண்டு நாள் அவள் பேஸ்மென்றுக்கு இறங்கவில்லை. உடுப்புத் தோய்க்கிற மெஷின் அங்கேதான் இருக்கிறது. எல்லாவற்றையும் நானே தோய்த்தேன், அவளுடைய நல்ல சோட்டி ஒன்றைச் சுருக்கியும் வைத்தேன். அதற்குக்கூட அவள் ஏசவில்லை. மூன்றாம் நாள் நான் தோற்றேன். எங்கள் வாள் சேகரிப்பாளர் கழகத்தில் என்னைத் தவிர இருக்கிற ஒரே தமிழர் கஸ்பர். சென் ஜேம்ஸ் ரவுணில் பதினேழாம் மாடியில் தனியாக இருக்கிறார். அவருக்கு ஃபோன் எடுத்து, வாளைக் கொஞ்சக் காலம் வைத்திருக்க முடியுமா என்று கேட்டேன். "கொஞ்சக் காலம் என்ன, செத்தாலும் திருப்பித் தரமாட்டன்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாளைப் பட்டுப் பைக்குள் வைத்துக் கட்டினேன். பிள்ளையைப் போர்டிங்கில் விடப்போகிற மாதிரி இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுகை வந்தது. வாசலில் சப்பாத்தைப் போடக் குனிந்தபோது யோகம் குசினிக்குள்ளிருந்து வந்தாள்.

"ஆர் அந்த ரெண்டு பேரும்?"

எனக்கு உயிர் வந்தது. கேட்கிறாள் என்றால் கோபம் இறங்குகிறது. வாளை மடியில் வைத்துக்கொண்டு படியில் குந்தி, கொல்லன் எந்த ஊர், வெட்டிப் பார்த்தவர் எவ்வளவு பேர்போன ஆள், அவருடைய பேர் தங்கத்தில் இருந்தால் வாளுக்கு எவ்வளவு மதிப்பு என்று தொடங்கினேன். கழகத்தில் நான் வழக்கமாகச் சொல்கிற பேச்சு. அரை மணித்தியாலம் போகும்.

"நான் வாளைக் கேக்கேல்லை" என்றாள். "அந்த ரெண்டு பேரும் ஆர்?"

"தெரியாது. குற்றவாளிகள்."

"பேர்?"

"எழுதேல்லை."

"வெட்டினவன்ர பேர் தங்கத்தில கிடக்கு. செத்ததுகளின்ர பேர் இல்லையோ?"

பதினொரு வருடமாக அந்த 'இரண்டு' எனக்கு ஓர் எண்ணிக்கையாகத்தான் இருந்தது. ஒன்று என்றால் பரவாயில்லை, இரண்டு என்றால் நல்லது, மூன்று என்றால் கழகமே எழுந்து நிற்கும். அப்படித்தான் கதைப்போம்.

யோகம் என் பக்கத்தில் படியில் வந்து இருந்தாள். அவளுடைய அண்ணன் ஊரில் யுத்தத்தின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. நாள் தெரியாததால் அவருக்குத் திவசம் கிடையாது. ஆடி அமாவாசையில் மற்றவர்களோடு சேர்த்து ஓர் இலை போடுவாள். அதைப் பற்றி அவள் கதைப்பதில்லை.

"திகதியாவது இருக்கோ?" என்றுதான் கேட்டாள்.

"இருக்கு. மூண்டாம் மாதம், இருபத்தோராம் நாள்."

"செத்த அண்டைக்கேயோ வெட்டினது?"

"ஓம். அண்டைக்கேதான் செய்வினம்."

"எங்கட மாதமோ, அவையின்ர மாதமோ?"

அங்கேதான் நான் நிமிர்ந்து இருந்தேன். அந்தக் காலத்து யப்பானில் சந்திரனைப் பார்த்துத்தான் மாதம் எண்ணினார்கள். அமாவாசையோடு மாதம் பிறக்கும். பதினைந்தில் பூரணை. அப்படியென்றால் இருபத்தொன்று...

"பூரணை கழிஞ்சு ஆறாம் நாள்" என்றேன்.

"சஷ்டி. அபரபட்ச சஷ்டி" என்றாள் யோகம். "மாதம்?"

"சித்திரையாய்த்தான் வரும்."

அவள் எழும்பிப்போய் ஐயருக்கு ஃபோன் எடுத்தாள். நான் படியிலேயே இருந்தேன். ஐயர் முதலில் தயங்கியிருக்க வேண்டும். பிறகு அவர் சொன்னதை அவள் ஸ்பீக்கரில் போட்டாள். "ஆருமில்லாத ஆத்மாக்களுக்கு ஆரும் திவசம் செய்யலாம் அம்மா. செய்தால் அந்த வாளிலயும் குறை இல்லை."

யோகம் ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கஸ்பருக்கு வரேல்லை எண்டு சொல்லுங்கோ."

அந்தக் குளிர்காலம் எங்கள் வீட்டில் சந்தோஷமாகவே போனது. அவள் பேஸ்மென்றுக்கு இறங்கினாள், சுருங்கிய சோட்டிக்காகப் பிந்தியாவது ஏசினாள். நான் எண்ணெய் ஒற்றுகிறபோது சிலவேளை வந்து நின்று பார்ப்பாள். வாளைப் பற்றி இல்லை, அந்தக் காலத்துச் சனத்தைப் பற்றிக் கேட்பாள். என்ன வேலை செய்தார்கள், என்னத்துக்குத் தண்டனை கொடுத்தார்கள், பெண்சாதி பிள்ளைகள் என்ன ஆனார்கள்? அதற்காகவே நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் எடுத்தேன். இத்தனை வருடத்தில் வாள் இல்லாத யப்பானைப் பற்றி நான் வாசித்தது அதுதான் முதல் தரம். பசிக்குக் கொஞ்ச அரிசி களவெடுத்தவனுக்கும் கழுத்துப் போயிருக்கிறது.

சித்திரை வந்தது. சஷ்டி அன்று நான் லீவு போட்டேன். யோகம் விடியவே எழும்பித் தலைமுழுகிச் சமைத்தாள். சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, பயற்றங்காய், வடை, பாயாசம். செத்தவர்களுக்கு விருப்பமானதையும் படைக்க வேண்டும் என்பது எங்கள் முறை.

"அவைக்கு என்ன விருப்பம்?"

"ஆருக்குத் தெரியும்? ஏழைகள் வரகு, சாமை மாதிரித்தான் சாப்பிட்டவை. அரிசிச்சோறு கிடைக்கிறதே பெரிய காரியம்."

அவள் அகப்பையை எடுத்து இரண்டு இலையிலும் இன்னும் ஒவ்வொரு அகப்பை சோறு போட்டாள். வாசித்துவிட்டுத்தான் நான் பச்சைத் தேயிலை வாங்கி வைத்திருந்தேன். இரண்டு கோப்பையில் ஊற்றி இலைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். சீனி போடவோ என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு மோட்ச அர்ச்சனைக்குக் கோயிலுக்குப் போனோம். கோயில் கந்தோரில் றூபன் அர்ச்சனைத் துண்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"பேர் சொல்லுங்கோ அக்கா."

"பேர் தெரியாது. ரெண்டு பேர். ஆம்பிளையள் எண்டு நினைக்கிறம்."

"நட்சத்திரம்?"

"தெரியாது. திதி மட்டும் தெரியும்."

றூபன் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மெல்ல அவருக்கு விளங்கியது. பகிடி விடப்போகிறார் என்று நினைத்தேன். விடவில்லை. பேனையைத் திரும்ப எடுத்து, துண்டில் மிச்சமிருந்த இடத்தைக் காட்டினார்.

"உறவுமுறை எண்டு ஒண்டு போடவேணும். என்ன போட?"

வாளைப் பற்றி அரை மணித்தியாலம் பேசுகிற நான் யோகத்தைப் பார்த்தேன்.

"வீட்டில இருந்த ஆக்கள் எண்டு போடும் தம்பி" என்றாள் யோகம். "எங்களுக்குத்தான் இவ்வளவு நாளும் தெரியாமப் போச்சு."

எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அன்றைக்கு பேஸ்மென்றில் நான் பெருமையாகத் தூக்கிக் காட்டியதை றூபனும் பார்த்தவர். ஆனாலும் பழியில் பாதியை அவள் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அர்ச்சனைத் தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அவளோடு உள்ளே போனேன்.