முட்டிக்கு ஒரு பிரமாணம்

கமலக்கண்ணனின் வலது முட்டியைப் பற்றிப் பேசுவதற்காக மாம்பழக்கூழ் ஃபாக்டரி ஆபீசில் உட்கார்ந்திருந்தோம். முட்டியின் சொந்தக்காரனும் கூடவே இருந்தான். ஒரு ஓரத்தில், கறிக்கடையில் கட்டிப்போட்ட ஆடு மாதிரி.

சித்தூரில் ஹரிபாபுவுக்கு ஃபாக்டரி உண்டு, லாரிகள் உண்டு, எங்கள் ஃபுட்பால் டீமும் உண்டு. மாம்பழ சீசனில் பழம் கழுவுவோம்; சீசன் முடிந்தால் ஆடுவோம். நான் கேப்டன், பெயர் செங்கல்வராயன். ஆட்டத்தில் பெரிய வித்தை எதுவும் தெரியாது. எதிரே வருகிறவன் முன்னால் உடம்பைப் போடுவேன். பந்து சில சமயம் நிற்கும், ஆள் எப்போதும் விழுவான். டீமில் எனக்குத்தான் பற்கள் குறைவு. அதை அனுபவம் என்று நினைத்து கேப்டன் ஆக்கிவிட்டார்கள்.

கமலக்கண்ணன் அப்படியில்லை. நகரியில் பவர்லூம் ஓட்டுகிற வீட்டுப் பையன். பந்து அவன் காலுக்கு வந்தால் எதிர் டீம்காரன்கூட ஒரு நொடி நின்று பார்ப்பான். அவனை மூன்று வருஷ அக்ரிமென்ட்டில் ஹரிபாபு எடுத்திருந்தார். மாதச் சம்பளம், ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் வீடு. ஆட முடியாமல் போனால் இரண்டும் போய்விடும். இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கும்போது முட்டி மறுபடியும் வீங்கிவிட்டது.

"ஆபரேஷன் நீங்க பண்ணி வெய்ங்க சாரு," என்றான் கமலக்கண்ணன். "கால் தேர்ற வரைக்கும் வீட்ட உட்டு தொரத்த மாட்டேன்னு மாத்தி எழுதுங்க. வேற இன்னாவும் வாணாம்."

"ஏமப்பா, மேட்ச்சுக்கு ஒரு தபா படுத்துக்கினா நான் உனக்கு அக்ரிமென்ட் போடறதா, கட்டில் போடறதா?" என்றார் ஹரிபாபு.

கோச் ஜெயச்சந்திரன் மெதுவாகச் சொன்னார்: "ஃபிட்டா இருந்தா இவன மாதிரி ஆளு ஜில்லாவுல கெடையாது சார்."

"ஃபிட்டா இருந்தா! ஃபிட்டா இருந்தா நான்கூட பயில்வான்தான்." என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு ரா கேப்டன்."

"இவன் ஒத்தக் கால்ல போட்ற கோல நாங்க மீதிப் பேரு எல்லாக் காலும் சேத்து போட முடியல சாரு. மாத்தி எழுதுங்க."

ஹரிபாபு கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "சரே. ஞாயித்துக்கெழம திருப்பதியில ஃபைனல். கடைசி விசில் வரைக்கும் ஆடட்டும். எழுதறேன்."

கமலக்கண்ணன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. கழுவின கையைத் துடைப்பது மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

திருமலை அடிவாரத்தில் மைதானம். மொட்டை போட்டுக்கொண்டு இறங்கியவர்கள், ரயிலுக்கு நேரம் இருந்ததால், தலையில் சந்தனத்தோடு வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். சாமி பார்த்த கையோடு ரத்தம் பார்த்தார்கள்.

எதிர் டீமில் கோலுக்கு முன்னால் மறித்து நிற்கிற ஸ்டாப்பர் பாஸ்கர், லாரி டயர் மாதிரி ஆள். ஆரம்பத்திலேயே அவன் முழங்கை எங்கள் விங்கரின் வாயைக் கிழித்தது. பதிலுக்கு நான் அவர்கள் ஆளை இடுப்போடு தூக்கிக் கோட்டுக்கு வெளியே போட்டேன். கார்னர் வந்தபோது தலையும் தலையும் மோதி என் புருவம் பிளந்தது. ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். ஆட்டம் ஒன்றும் மோசமாகிவிடவில்லை, எனக்கு இரண்டு கண்ணிலும் அவ்வளவுதான் தெரியும். ரெஃப்ரி விசிலை மாங்காய் கடிப்பது போலக் கடித்துக்கொண்டு நின்றார்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. எல்லோரையும் மிதித்த பாஸ்கர் கமலக்கண்ணனைத் தொடவே இல்லை. கிட்டே போவான், விலகிவிடுவான்.

இரண்டாம் பாதியில், இறுக்கிக் கட்டிய முட்டியோடு, கமலக்கண்ணன் இரண்டு பேருக்கு நடுவில் நழுவிப் போய் கோல் போட்டான். மொட்டைத் தலைகள் எல்லாம் எழுந்து கத்தின.

பந்து மறுபடி எங்கள் பக்கம் வந்துவிட்டது. அந்தக் கோடியில் கமலக்கண்ணன் குனிந்து முட்டியின் கட்டுத்துணியைச் சரி செய்துகொண்டிருந்தான். நிமிர்ந்து வலது காலை ஊன்றினான். அப்போதுதான் பாஸ்கர் ஓடி வந்து, எகிறி, இரண்டு காலையும் சேர்த்து அந்த முட்டியின் பக்கவாட்டில் இறக்கினான். பச்சை மூங்கிலை முறுக்கி ஒடிக்கிற சத்தம். கால் மடங்கக்கூடாத பக்கம் மடங்கியது. கமலக்கண்ணன் கத்தவில்லை. புல்லைப் பிடுங்கி வாயில் திணித்துக்கொண்டான்.

பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. வாளி, ஸ்டூல், செருப்பு, எது கிடைத்ததோ அதுவாக அடித்துக்கொண்டோம். எங்கள் கோல்கீப்பர் அவர்கள் ஆள் ஒருவனுடைய காதைக் கடித்து ரத்தத்தைத் துப்பினான். நான் பாஸ்கர் மார்பில் ஏறி உட்கார்ந்து, அவன் முகம் எது மண் எது என்று தெரியாமல் போகிற வரைக்கும் குத்தினேன்.

"அடிக்காதணா! உங்க ஓனருதான் சொன்னாரு!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. "இன்னாடா சொன்னாரு?"

"கோல் உழுந்தப்பறம் அவன பாத்துக்கோன்னாரு. அடுத்த வருசம் அவன் எடம் எனக்குத்தான்னாரு."

மேலே கேட்பதற்குள் பாஸ்கரின் தம்பி கார்னர் கொடிக் கம்பால் என் மூக்கில் போட்டான். நினைவு வந்தபோது, விழுந்த ஒரே கோல் எங்களுடையது என்பதால் கோப்பையும் எங்களுடையது என்றார்கள்.

மூன்றாம் நாள் ஃபாக்டரி முற்றத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். மாவுக்கட்டுப் போட்ட காலோடு கமலக்கண்ணன் நாற்காலியில். பக்கத்தில் அவன் மனைவி வள்ளி.

"கடைசி விசில் வரைக்கும் ஆடல இல்ல?" என்றார் ஹரிபாபு. "அந்தே, அவ்ளோதான். வீட்ட காலி பண்ணுங்க."

"ஆள வெச்சி நீங்கதான ஒடச்சீங்க சாரு?" என்றேன். மூக்கில் பஞ்சு இருந்ததால் குரல் கோழி கூவுவது போல் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"எவன்ரா சொன்னது? அடி வாங்கினவன் ஆயிரம் சொல்வான்!"

"அப்ப காணிப்பாக்கம் வர்றீங்களா?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு மேல் கேள்வி கிடையாது. காணிப்பாக்கத்துக் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் பிரமாணம் செய்யவேண்டும். கோர்ட்டில் அசராமல் பொய் சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் குளத்தில் பொய்யோடு முழுகியவனைப் பார்த்ததில்லை.

ஹரிபாபுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வஸ்தானு ரா! அவனும் வரட்டும். அக்ரிமென்ட் போட்ட அன்னிக்கி முட்டி சுத்தமா இருக்குதுன்னான். அத அவன் பிரமாணம் பண்ணட்டும்!"

வள்ளி பக்கம் பார்க்காமல், "வரேன்," என்றான் கமலக்கண்ணன்.

அவன் பயந்து வரமாட்டான் என்று இவர் நினைத்தார். இவர் வரமாட்டார் என்று அவன் நினைத்திருக்கிறான். ஊரே பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டு பேருமே காணிப்பாக்கம் வந்து சேர்ந்தார்கள்.

கமலக்கண்ணனை முதுகில் சுமந்து குளத்துப் படியில் உட்கார வைத்தேன். அவன் தலையில் ஊற்ற வள்ளி செம்பில் தண்ணீர் மொண்டு வைத்திருந்தாள். ஹரிபாபு வேட்டியோடு இறங்கினார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. நின்றார். மூக்கைப் பிடித்தார், விட்டார். மறுபடி பிடித்தார். மேலே ஜனங்கள் கழுத்தை நீட்டினார்கள்.

"ஒடைக்கச் சொல்லல பா," என்றார் கடைசியில், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. "கொஞ்சம் தட்டி உடுன்னேன். அவ்ளோதான்."

எப்படிக் குதித்தேன் என்று தெரியாது. அவர் பிடரியைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்தினேன். குமிழிகள் வந்தன. என் கையை அவர் நகங்கள் கீறின. கோச் என் முடியைப் பிடித்து இழுத்தும் விடவில்லை.

"உட்டுர்ணா!" என்று கத்தினான் கமலக்கண்ணன். "நானும் பொய்தான் சொன்னேன்!"

கை தானாகத் தளர்ந்தது. ஹரிபாபு இருமிக்கொண்டே மேலே வந்தார்.

"அக்ரிமென்ட்டுக்கு முன்னாடியே நகரியில முட்டிக்குள்ள கிழிஞ்சி போச்சி. ஆடினா நடக்கவே முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. யாருக்கும் சொல்லல."

"எனக்குக்கூடவா?" என்றாள் வள்ளி.

அவன் தலை குனிந்தான். அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு ஓங்கி அறைந்தாள். மைதானத்தில் கேட்டதைவிட அந்தச் சத்தம் எனக்கு வலித்தது.

பிறகு ஹரிபாபுவைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் பொய்யி. பொய்யில போட்ட பேச்சு செல்லாது. புதுசா பேசுங்க. ஆபரேஷன் உங்களுது. வீடு இருக்கட்டும். சீசன்ல உக்காந்து பழம் தரம் பிரிக்கிற வேல இவருக்கு."

"ஆட்டம்?" என்றார் ஹரிபாபு, மூச்சு வாங்க.

"கால் தேறினா ஆடு..." என்று ஆரம்பித்த கமலக்கண்ணன், மனைவி கையைப் பார்த்து நிறுத்தினான்.

"ஆட மாட்டாரு," என்றாள் வள்ளி.

ஹரிபாபு என்னைப் பார்த்தார். நான் இன்னும் தண்ணீரில்தான், கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். "சரே," என்றார்.

மேலே காத்திருந்த கோயில் ஐயர், "பிரமாணம் எவரைனா செஸ்தாரா, லேதா?" என்று, யாராவது செய்யப் போகிறீர்களா இல்லையா என்கிற சலிப்போடு கேட்டார்.

"இருங்க சாமி," என்றாள் வள்ளி. "ஓனரு இப்ப ஒத்துக்கினாரே, அதையே பிரமாணம் பண்ணுவாரு."

ஹரிபாபு வானத்தைப் பார்த்தார். பிறகு மூக்கைப் பிடித்து, இந்தத் தடவை தானாகவே முழுகினார். பாசிப் படியில் வழுக்கப் போனவரை நான்தான் கை கொடுத்து ஏற்றினேன்; கெட்ட பழக்கம், யார் விழுந்தாலும் கை நீண்டுவிடுகிறது. வேட்டியில் தண்ணீர் சொட்ட அவர் சந்நிதிக்கு நடந்தார். ஒரு வார்த்தை குறையாமல் காதில் வாங்க வள்ளி பின்னாலேயே போனாள்.

கமலக்கண்ணன் படியில் அப்படியே உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது.

"அடுத்த வருசம் என் எடத்துல யாருணா ஆடுவாங்க?"

"நான்தாண்டா."

சிரிக்கத்தான் ஆரம்பித்தான். பாதியில் உதடு கோணிக்கொண்டது. மாவுக்கட்டை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அழுதான். எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.