மாட்டுத் திருடியிடம் பாடம்

"அந்த நாற்காலியை விட்டு எந்திரிங்க மதினி."

"என் நாற்காலிடி இது. நீ பள்ளிக்கூடம் போன காலத்துல இருந்து நான்..."

"இன்னிக்கு இல்ல. இன்னிக்கு நீங்க மாணவி. மாணவின்னா நிக்கணும்."

"மாட்டைத் திருடினது பத்தாதுன்னு இப்ப நாற்காலியும் வேணுமா உங்க லோசிக் கூட்டத்துக்கு?"

"காவல் காக்கத் தெரியாதவங்ககிட்ட இருந்து ஓட்டிட்டு வந்தா அது திருட்டு இல்ல. ஒத்தாசை."

பிரசவ வார்டே சிரித்தது. நாற்காலியில் இருந்த பீன்சு டோங்காக்காரி, எழுப்பிவிட்ட லிசேலி லோசிக்காரி. ஜாம்பியாவில் அந்த இரண்டு இனக் கூட்டத்துக்கும் மதினி, மச்சினி என்று கூப்பிட்டுக்கொள்ளும் கேலி முறை. முப்பாட்டன் காலத்தில் லோசிகள் டோங்காக்களின் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்களாம். அன்றிலிருந்து சாவு வீட்டில்கூட ஒருவரை ஒருவர் வாரிக்கொள்ளலாம். கோபித்துக்கொள்கிறவர்தான் தோற்றவர்.

மற்ற நாட்களில் பீன்சு அந்த வார்டின் தலைமை சிஸ்டர். லிசேலி அவளுக்குக் கீழே வேலை பார்க்கும், அவள் மகள் வயதுப் பெண். ஆனால் நர்சுகளுக்கான முதுகலைப் படிப்பை லிசேலி முதலில் முடித்துவிட்டாள். பீன்சு இப்போதுதான் படிக்கிறாள், வேலையை விடாமல், அடுப்பில் ன்ஷிமா களி கிண்டிக்கொண்டே போனில் பாடம் கேட்டு. செய்முறைப் பயிற்சிக்கு அந்தப் பட்டம் உள்ளவர்தான் வழிகாட்டியாக இருக்க வேண்டும் என்றது பல்கலைக்கழகம். ச்சோமா ஊரில் லிசேலியை விட்டால் ஆள் இல்லை.

இன்று தலைநகர் லுசாக்காவிலிருந்து தேர்வாளர் வருகிறார். அதிகாரம் பண்ணியே பழகிய பீன்சுவுக்கு, அடுத்தவர் தன் தவறைத் திருத்தினால் ஏற்றுக்கொள்ளத் தெரியுமா என்று பார்ப்பார். தெரியாது என்று எழுதிவிட்டால் பயிற்சியை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பட்டம் இன்னொரு வருஷம் தள்ளிப்போகும்.

போன் அடித்தது. பீன்சுவின் கை தானாக நீண்டது.

"மாணவி போன் எடுக்கக் கூடாது."

கூட்டிப் பெருக்கும் மலேலே அக்கா சொல்லிக்கொண்டே வாளியைக் குறுக்கே வைத்தாள். பீன்சு வாயைத் திறந்தாள். லிசேலி இருமினாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

"அட, மூடக்கூடத் தெரியுதே. படிச்ச படிப்பு வீண் போகலை."

"போடி மாட்டுத் திருடி."

வாசலில் தேர்வாளர் டாக்டர் குவாய் நின்றிருந்தார். கானா நாட்டுக்காரர், ஜாம்பியாவுக்கு இந்த வருஷம்தான் வந்தவர், சிரித்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

"யாரைத் திருடின்னு சொன்னீங்க?"

"இவளைத்தான் மேடம்."

"அவங்க உங்க வழிகாட்டி."

"ஆமா மேடம். வழிகாட்டியும்தான்."

லிசேலி உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். விளக்கம் சொல்லப் போன பீன்சுவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் ஏதோ எழுதினார். போச்சு, இன்னொரு வருஷம்.

அந்த நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னால் ச்சிப்போ முனகினாள். தலைச்சன் பிரசவம். வலி தாங்காமல் கட்டிலைவிட்டு இறங்கித் தரையில் விரித்திருந்த பாயில் முட்டி போட்டுக் குனிந்திருந்தாள். பீன்சு ஒரே பாய்ச்சலில் அங்கே போனாள்.

"ஏறு, ஏறு. கட்டில்ல மல்லாந்து படும்மா."

"மதினி." லிசேலியின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "பொம்பளைங்க அவங்கவங்களுக்குத் தோதான மாதிரி பெத்துக்கட்டும், யாரும் மல்லாத்தக் கூடாதுன்னு ஆய்வு எழுதினது யாரு? எங்க வீட்டுல நிக்கிற உங்க மாடுகூடத் தன் இஷ்டத்துக்குத்தான் கன்னு போடுது. அதை யாரும் மல்லாந்து படுன்னு சொல்றதில்ல."

பீன்சுவுக்குக் காதெல்லாம் சுட்டது. தன் வார்டில், வெளியூர்க்காரர் முன்னால், தான் எழுதியதைத் தானே மறந்து இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டதில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் வார்டு இரண்டாகியிருக்கும். சொன்னது மச்சினி. அப்போதுதான் சொன்னதன் வால் காதில் ஏறியது.

"என்ன மாடுன்னு சொன்னே?"

லிசேலி வாயில் கை வைத்தாள்.

"உங்க மாடுன்னு சொன்னா. எங்க மாடுதான்னு ஒத்துக்கிட்டா. எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?"

அடிவயிற்றிலிருந்து கிளம்பியது சிரிப்பு. சிரித்துக்கொண்டே கையைக் கழுவி, உறை மாட்டி, பாயில் தானும் முட்டி போட்டு உட்கார்ந்தாள் பீன்சு. "மச்சினி சொன்னதுதான் சரி. இப்படியே இரும்மா, உனக்கு எது தோதோ அப்படி."

"சிரிக்க வைக்காதீங்க சிஸ்டர், வலிக்குது," என்றாள் ச்சிப்போ, அவளும் டோங்காக்காரி. "என் பிள்ளையும் இதுக்குச் சாட்சி."

சாட்சி வந்து சேர்ந்தது. நல்ல குண்டுப் பெண். வந்த வேகத்தில் வீல் என்று கத்திச் சாட்சியும் சொன்னது. இதற்குள் மலேலே அக்கா டாக்டரின் காதோரம் மாட்டுக் கதை முழுவதையும் ஓதி முடித்திருந்தாள்.

டாக்டர் குவாய் பேனாவை மூடினார்.

"எல்லார் முன்னாலயும் தப்பைச் சொன்னாங்க. நீங்க உடனே திருத்திக்கிட்டீங்க. நான் பார்க்க வந்தது அதைத்தான். பாஸ்."

பீன்சு குலவையிட்டாள். வார்டில் தெம்பிருந்தவர்கள் எல்லோரும் கூடக் குலவையிட்டார்கள். லிசேலியை இழுத்து ஒரு சுற்று ஆடிவிட்டு, மூச்சு வாங்க, தன் நாற்காலியில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தாள். இந்த முறை யாரும் எழுப்பவில்லை.

டாக்டர் மட்டும் வாசலில் நின்று, அதே சிரிக்காத முகத்தோடு லிசேலியின் பக்கம் திரும்பினார்.

"அது சரி, அந்த மாட்டை எல்லாம் எப்பத் திருப்பி ஓட்டிட்டு வரப் போறீங்க?"