ஏழாம் நிமிடம்

"அப்பா, இந்தப் பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?"

பாலவனத்தம் போகும் பஸ்ஸில், அப்பாவின் இயர்போன் ஒன்றைத் தன் காதில் செருகிக்கொண்டு ஆறு வயது சுகப்பிரியா கேட்டாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். சௌந்தரும் சிரித்தான். சிரித்ததோடு விட்டிருக்கலாம்.

சொல்லும் ராகமும் இல்லாமல், ஒரே தாளம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டு போகும் மினிமல் டெக்னோ இசை அவனுக்கு உயிர். அதைக் கேட்பவர்கள் கருத்து எழுதும் இணையதளத்தில் அவன் எழுத்துக்கு மதிப்பு உண்டு. அன்று ஓடியது 'ஒன்றரை ஹெச்பி' என்ற பெயரில் யாரோ வெளியிட்ட நாலாவது தொகுப்பு. முதல் பாட்டே பதினோரு நிமிடம். மோட்டார் காத்து இழுக்கிற மாதிரி சத்தம். தண்ணீர் ஏறாமல் ஓடினால் மோட்டார் கருகிவிடும் என்பதால், அவன் ஊரான அருப்புக்கோட்டையில் அந்தச் சத்தம் கேட்டால் கை தானாக சுவிட்சுக்குப் போகும். மூன்றாம் நிமிடத்தில் அணைத்தான். மகளின் கேள்வியை அப்படியே எழுதி ஒரு ஸ்டார் போட்டான். முந்நூறு பேர் சிரித்தார்கள். முந்தைய மூன்று தொகுப்புகளுக்குக் கீழேயும் போய் அதே கேள்வியை எழுதி வைத்தார்கள்.

நாலு மாதம் கழித்து வீட்டு மோட்டார் நிஜமாகவே கருகியது. திருச்சுழி ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் சாம்ராஜ் கடைக்குத் தூக்கிப் போனான். மேசையில் பழைய லேப்டாப்பில் அதே சாயலில் ஒரு தாளம்.

"இது ஒன்றரை ஹெச்பியா அண்ணே?"

சாம்ராஜ் செம்புக் கம்பியைக் கீழே வைத்தார். "நீங்க கேட்டிருக்கீகளா? நம்மூர்ல ஒரு ஆளா?" கழுத்தைச் சொறிந்துகொண்டார். "நாந்தாண்ணே அது."

சௌந்தர் கையிலிருந்த மோட்டாரைத் தரையில் இறக்கி வைத்தான்.

"இது அஞ்சாவது. பாதியில கெடக்கு. எம் பிள்ளை பாட்டு எப்ப ஆரம்பிக்கும்னு கேக்குதுன்னு ஒருத்தரு எழுதியிருந்தாரு. கோவமில்ல. பிள்ளை பொய் சொல்லாதுல்ல? ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் அழிச்சிட்டு லேப்டாப்ப மச்சினனுக்குக் குடுத்துரப் போறேன். அவனாச்சும் படம் பாப்பான்."

பிறகு மோட்டாரைப் பார்த்தார். "வீட்ல சின்னப் பிள்ளைக இருக்கா? தண்ணியில்லாமக் கஷ்டமுல்ல. சாயங்காலம் வாங்க, கட்டி வச்சிர்றேன்."

அவனுடையதற்கு முன்னால் வந்த நாலு மோட்டார்கள் காத்துக் கிடந்தன. 'எழுதினது நாந்தான்' என்று சொல்ல வாயெடுத்தான்.

"வாரேண்ணே" என்றுதான் வந்தது.

வறண்ட கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தி, நாலாவது தொகுப்பின் முதல் பாட்டைப் போட்டான். மூன்றாம் நிமிடத்தில் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டான். ஏழாம் நிமிடத்தில் காத்துச் சத்தம் இரண்டு தரம் இருமியது. குழாய்க்குள் ஏதோ உருண்டது. தாளம் கனத்து இறங்கியது. தண்ணீர். தூரத்தில் ஒரு பெண், "வந்துருச்சு" என்றாள். அப்புறம் குடம் வைக்கிற சத்தம்.

ஒருவர் மாதக்கணக்கில் குனிந்திருந்து செய்ததை மூன்று நிமிடத்தில் சிரித்துத் தள்ளுவதும் பாவம்தான். சௌந்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மற்ற மூன்று தொகுப்புகளையும் ஒன்று விடாமல் கேட்டான். ஒவ்வொன்றுக்கும், தனக்குப் பிடிக்காத இடம் உட்பட, உள்ளதை எழுதினான். கடைசியாகத் தன் பழைய கருத்தை அழித்துவிட்டு அதே இடத்தில் எழுதினான்: 'மூன்று நிமிடம் மட்டும் கேட்டுவிட்டு எழுதியவன் நான். தப்பு என்னுடையது. ஏழாம் நிமிடம் வரை அணைக்காமல் இருங்கள். ஐந்தாவதுக்குக் காத்திருக்கிறேன்.'

கரையில் ஆடுகள் மட்டும் நின்றன. அனுப்பினான்.

சாயங்காலம் மோட்டார் தயாராக இருந்தது. சாம்ராஜ் லேப்டாப் முன்னால் குனிந்திருந்தார். தாளம் காலையில் கேட்ட இடத்தைத் தாண்டிப் போயிருந்தது.

"மச்சினன் வேற லேப்டாப் பாத்துக்கிரட்டும்ணே" என்றார், தலை நிமிராமல்.

"சரிண்ணே" என்று சௌந்தர் மோட்டாரைத் தூக்கி வண்டியில் வைத்தான்.