எண்பதோடு நிற்கிற பேட்டரி

பிரவீனாவின் மடிக்கணினியில் சார்ஜ் எண்பதுக்கு மேல் ஏறாது. ஏறக்கூடாது என்று அவளேதான் அமைத்து வைத்திருந்தாள்.

கல்லூரியில் படிக்கும்போது அப்பா வாங்கிக் கொடுத்தது அது. கல்யாணமாகித் தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் தோட்ட வீட்டுக்கு வந்தபின் இரண்டு வருடம் பீரோவில், சேலைகளுக்கு அடியில், சார்ஜே இல்லாமல் கிடந்தது. வேலை தேடலாம் என்று வெளியே எடுத்தபோது பேட்டரி பாதி உயிரோடுதான் இருந்தது. டவுனில் பழுது பார்க்கிறவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த மாடலுக்கு பேட்டரி இப்ப வாரதில்லீங்க. இருக்கறதக் காப்பாத்திக்கோங்க. எந்நேரமும் நூறுல வெச்சிருக்க வேண்டாம், சுத்தமா எறங்கவும் உட்டுறாதீங்க" என்றார். எண்பதோடு நிறுத்தும் வழியையும் அவரே காட்டிக் கொடுத்தார். முழுதாக ஏற்றினால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே தாங்கியது. பிரவீனாவுக்கு அது போதும்.

மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்த குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் தேர்வு. ஒரு மணி நேரம் தட்டச்சு, அடுத்த ஒரு மணி நேரம் நேர்காணல். நடுவில் கேமரா அணைந்தால் அதோடு முடிந்தது, மறுவாய்ப்பு கிடையாது என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள்.

விஷயத்தைச் சொன்ன அன்று மாமியார் முத்தாத்தாள் அவரைக்காயை நறுக்கிக்கொண்டே, "வேலைக்கெல்லாம் எதுக்கு கண்ணு? ஊட்ல என்ன இல்லாமப் போச்சு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி பிரவீனாவின் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

திங்கட்கிழமை மாலை பேட்டரியின் பதிவை எடுத்துப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. எந்த நாளில், எந்த நேரத்தில், எவ்வளவு சார்ஜ் இருந்தது என்று மடிக்கணினியே குறித்து வைத்திருக்கும். கடந்த ஒன்றரை மாதமாகத் தினமும் பத்து மணிக்கு எண்பதில் தொடங்கி, பன்னிரண்டுக்குள் பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தது. அவள் வீடு திரும்பும்போது மறுபடி எண்பது. காலை பத்திலிருந்து ஒன்று வரை அவள் கணவன் மோகன்குமாரின் சொட்டுநீர்க் குழாய்க் கடையில் உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆள். பேட்டரியின் உயிர் நான்கில் ஒரு பங்கு போயிருந்தது. இப்போது முழுதாக ஏற்றினாலும் ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும்.

மறுநாள் பதினோரு மணிக்கே கடையிலிருந்து கிளம்பி வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போனாள்.

முத்தாத்தாள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே மணையில் மடிக்கணினி திறந்திருந்தது. கடவுச்சொல் கேட்டு நிற்கும் திரை. சார்ஜர் வயரைச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தாள். திரை மங்கும்போதெல்லாம் புளி படாத சுண்டுவிரலால் ஏதோ ஒரு பொத்தானை ஒரு தட்டுத் தட்டினாள். வெளிச்சம் வந்தது. மறுபடி புளி. ஒரு நிமிடம் கழித்து மறுபடி ஒரு தட்டு.

"என்னங்க அத்தை பண்றீங்க?"

முத்தாத்தாள் திடுக்கிட்டாள். பிறகு ஏதோ நல்ல காரியம் வெளியே தெரிந்துவிட்டது போல வெட்கமாகச் சிரித்தாள்.

"எறக்கறேன் கண்ணு. எப்பப் பாத்தாலும் எண்பதோட நின்னு போகுது. பாவம், புள்ளைக்குப் பரிச்சை இருக்குது, மிஷினு நூறு வரைக்கும் ரொம்ப மாட்டேங்குதேன்னு... என்ற போன் வாங்கறப்ப அந்தக் கடைப் பையன் சொன்னான், சுத்தமா எறக்கிப்போட்டு ஏத்துனாத்தான் நல்லா ரொம்பும்னு. எத்தன நாளா எறக்கறேன்! இது என்னடான்னா ஒண்ணு கூட ஏற மாட்டேங்குது. அம்புட்டு வீம்பு!"

முத்தாத்தாளுக்குப் பேட்டரி என்றால் வேலிப் பேட்டரிதான். மலையை ஒட்டிய தோட்டம். வாழையைச் சுற்றிச் சோலார் மின்வேலி. பகலெல்லாம் வெயிலில் சார்ஜ் ஏறும். சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் போய்ச் சுவிட்சைப் போடுவாள். இரண்டு வருடத்துக்கு முன் மழைக்காலத்தில் அந்தப் பேட்டரி முழுதாக ஏறாமல் போன ஒரு நாள், யானைகள் உள்ளே வந்து அரை ஏக்கர் வாழையை மிதித்துவிட்டுப் போயின. அன்றிலிருந்து நிறையாத பேட்டரியைக் கண்டால் அவளுக்கு நெஞ்சு பதறும்.

இதெல்லாம் பிரவீனாவுக்குத் தெரியும். ஆனாலும் கோபம் முந்திக்கொண்டது.

"அது வீம்பு இல்லீங்க. நாந்தான் எண்பதுல நிறுத்தி வெச்சிருக்கறேன். நூறுலயே கெடந்தா சீக்கிரம் வீணாப் போகும். சுத்தமா எறக்குனா அதவிட மோசம். எறக்கி ஏத்தற ஒவ்வொரு தடவையும் அதோட ஆயுசு கொறையுதுங்க. தெனமும் வேண்டாம், தேவை வாரப்ப மட்டும் முழுசா ஏத்திக்கலாம்னு இருந்தேன்."

முத்தாத்தாளின் கை புளியிலேயே நின்றது. "அப்ப நாந்தான் கெடுத்துப்போட்டனா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியாமல் செய்ததுதானே என்றாவது சொல்லியிருக்கலாம்.

"ஆமாங்க" என்றாள் பிரவீனா.

அன்று முத்தாத்தாள் சரியாகச் சாப்பிடவில்லை. மோகன்குமார் கேட்டதற்கு, "வயிறு என்னமோ மாதிரி இருக்குது" என்று எழுந்து போனாள்.

புதன்கிழமை காலை எட்டேகாலுக்குப் பிரவீனாவின் கைபேசியில் செய்தி வந்தது. பராமரிப்புப் பணி, ஒன்பதிலிருந்து ஐந்து வரை மின்தடை. சுற்றுவட்டாரம் முழுக்க. மோகன்குமார் விடியும் முன்பே குழாய் ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலம் போயிருந்தான். டவுனுக்குப் பஸ்ஸில் போய் இறங்கினாலும், யார் வீட்டுக் கதவைத் தட்டி இரண்டு மணி நேரத்துக்கு அமைதியான அறை கேட்பது?

அவசரமாக எண்பது வரம்பை எடுத்துவிட்டு சார்ஜரைச் சொருகினாள். எண்பத்தைந்து, தொண்ணூறு. அதற்குமேல் ஆமை மாதிரி நகர்ந்தது. கடைசிப் பங்கை பேட்டரி எப்போதும் மெதுவாகத்தான் வாங்கும். தொண்ணூற்றாறில் இருக்கும்போது மின்விசிறி நின்றது.

ஒன்றரை மணி நேரம் கூட வராது. நேர்காணலின் பாதியில் அணைந்துவிடும். சுவரில் இன்வெர்ட்டர் பெட்டி சும்மா தொங்கியது. அதன் பேட்டரி செத்து ஆறு மாதமாகிறது. பிரவீனா கட்டிலில் உட்கார்ந்து அந்தத் தொண்ணூற்றாறையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதுவும் செலவாகிறதே என்று மூடி வைத்தாள். கண் கலங்கியது.

"ஏன் கண்ணு, கரண்ட் எப்ப வருமாம்?" பதினொன்றரைக்குத் தோட்டத்திலிருந்து வந்த முத்தாத்தாள் வாசற்படியில் நின்று கேட்டாள்.

"அஞ்சு மணிக்குங்க."

"பரிச்சை?"

"ரெண்டு மணிக்கு."

முத்தாத்தாள் சும்மாட்டுத் துணியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனாள்.

அரைமணி கழித்துத் திரும்பியபோது அவள் தலையில் வேலிப் பேட்டரி இருந்தது. கழுத்து நரம்பு புடைத்து, ரவிக்கை வியர்வையில் ஒட்டியிருந்தது. பிரவீனா ஓடிப்போய் ஒருபக்கம் பிடித்தாள். இருவருமாக அதை இன்வெர்ட்டருக்குக் கீழே இறக்கினார்கள்.

"அத்தை, வேலி?"

"வேலிக்கு ஆறு மணிக்குத்தான் வேணும். இது ரொம்பி நிக்குது, வேலிப் பெட்டில நாலு லைட்டும் எரிஞ்சுது. தள்ளு அக்கட்ட." அவள் செத்த பேட்டரியின் வயர்களைக் கழற்றினாள். "என்ற பையன் தண்ணி ஊத்தாமயே இதக் கொன்னுபோட்டான். பைப்பு யாவாரம் பண்றவன், ஒரு சொட்டுத் தண்ணி உடத் தெரீல பாரு." சிவப்பைச் சிவப்பில், கறுப்பைக் கறுப்பில் வைத்து முடுக்கினாள். இன்வெர்ட்டர் ஒருமுறை கூவிவிட்டுப் பச்சை விளக்கைக் காட்டியது.

"இதையும் எறக்குனா ஆயுசு கொறையுமல்லங்க?" என்றாள் பிரவீனா.

"தெனமுமா எறக்கறோம்? தேவை வாரப்ப எறக்கலாம்னு நீதான சொன்ன."

இரண்டு மணிக்குக் கதவு சாத்தப்பட்டது. வெளியே முத்தாத்தாள் கோழிகளைப் பஞ்சாரத்தில் அடைத்து, நாயைத் தென்னந்தோப்பின் அந்தக் கோடியில் கட்டி, வழியில் வந்த பால்காரரை வாயில் விரல் வைத்தே திருப்பி அனுப்பினாள். உள்ளே பிரவீனா தட்டச்சு செய்தாள், கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். இரண்டு மணி நேரமும் திரை மூலையில் இருந்த சார்ஜ் எண் அசையவே இல்லை.

நாலு மணி தாண்டிக் கதவைத் திறந்தாள். "திங்கக்கிழமை சர்ட்டிபிகேட்டெல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லீட்டாங்க அத்தை. வேலை கெடைச்சுப்போச்சு."

"அப்பிடியா அம்மணி!" முத்தாத்தாளுக்கு முகமெல்லாம் பல். அடுத்த நொடியே, "புடி, புடி. பொழுது எறங்குது" என்று பேட்டரியிடம் குனிந்தாள்.

இம்முறை பிரவீனா தலையில் சுமக்க விடவில்லை. தள்ளுவண்டியில் வைத்து இருவரும் வாழைக்கு நடுவே தள்ளிக்கொண்டு போனார்கள். வேலிப் பெட்டியில் மாட்டியதும் நான்கு விளக்குகளில் மூன்று எரிந்தன.

"மூணு போதுமுங்களா?"

"விடியற வரைக்கும் தாங்கும். நாளைக்கு வெயில் அடிச்சா ரொம்பிக்கும்." சொல்லிவிட்டு எரியாத அந்த நான்காவது விளக்கையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நிறையாத பேட்டரியைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்கு லேசான காரியமில்லை.

"நேத்து நான் ஆமான்னு சொல்லியிருக்கக் கூடாதுங்க அத்தை."

"நெசத்தத்தானே சொன்ன." முத்தாத்தாள் சுவிட்சைப் போட்டாள். வேலி டிக், டிக் என்று துடிக்கத் தொடங்கியது. "அது கெடக்குது. இப்ப உன்ற மிஷின எத்தனைல நிறுத்தோணும்?"

"எண்பதுலங்க."

"ஊட்டுக்குப் போனதும் மொதல்ல மாத்தி வை. மறந்துபோடாத."