கல்யாணத்துக்கு முத்திரை

வெளிநாட்டில் செல்லுபடியாக வேண்டுமென்றால் கல்யாணச் சான்றிதழை மட்டும் நீட்டினால் முத்திரை போட மாட்டார்கள். கல்யாணத்தையும் கூட அழைத்துப் போக வேண்டும். அதனால் நானும் எங்கள் கல்யாணமும் நாமக்கல்லில் சென்னைக்கு ரயிலேறினோம்.

எங்கள் கல்யாணம் முழங்கால் உயரம் இருக்கும். சாம்பல் நிறம், அடர்ந்த ரோமம், அமைதியான சுபாவம். என் வீட்டுக்காரர் பூபதி போலந்துக்கு லாரி ஓட்டப் போனதிலிருந்து அது அவருடைய பழைய லுங்கியின் மேல்தான் படுக்கிறது. அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. இப்போது என்னையும் அங்கே அழைத்துக்கொள்ள வழி பிறந்திருந்தது. முத்திரை மட்டும்தான் பாக்கி. கிடைத்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிலர் அக்காவுடையதையோ பக்கத்து வீட்டாருடையதையோ இரவல் வாங்கிக்கொண்டு போவார்கள். என்னுடையது சொந்தக் கல்யாணம்.

சென்னையில் முத்திரை போடும் அலுவலகத்தின் வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்றவர் தன் பிறப்பைக் கொண்டுவந்திருந்தார். அவருக்கு வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். பிறப்பு இன்னும் அழுதுகொண்டிருந்தது. அவருக்கும் முன்னால் நின்ற பொறியாளர் தன் பட்டத்தை ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். மூடியில் காற்றுப் போக ஓட்டை இருந்தது.

என் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியின் பெயர்ப்பலகையில் அமலோற்பவம் என்று இருந்தது. அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு சான்றிதழைப் பார்த்தார். பிறகு எங்கள் கல்யாணத்தைப் பார்த்தார். எழுந்து வந்து அதன் பல்லைப் பிடித்துப் பார்த்தார்.

"பேர் என்னம்மா?"

"கோகிலவாணிங்க."

"ஆறு வருஷக் கல்யாணம்னு போட்டிருக்கு. இதைப் பார்த்தா ரெண்டு வருஷத்துக்கு மேல சொல்ல முடியாதே."

"அவரு ரெண்டு வருஷந்தானுங்க கூட இருந்தாரு. அப்பறம் போலந்து போயிட்டாருங்க."

"மிச்ச நாலு வருஷம் எங்க?"

"போன்ல இருக்குதுங்க."

அவர் தலையசைத்தார். இது அவருக்குப் புதிதில்லை போல. "அதையும் சேர்த்துக் காட்டினாத்தான் முத்திரை. இல்லேன்னா அங்க போனதும் திருப்பி அனுப்பிடுவாங்க. உங்களை உள்ள விட்டுட்டு இதை மட்டும் அனுப்பிடுவாங்க. அது இன்னும் கஷ்டம்" என்றார்.

நான் மேசை மேலேயே போனை நிறுத்தி வைத்து வீட்டுக்காரரை வீடியோவில் கூப்பிட்டேன். அவர் லாரியை ஏதோ ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தியிருந்தார். கண்ணாடிக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது.

"என்ன கோகி, ஆயிருச்சா?"

"இல்லீங்க மாமா. ஏதாச்சும் பேசுங்க. ஆபீசர் பாக்கறாங்க."

"என்ன பேசறது?" என்று அவர் யோசித்தார். "மழை கிழை பேஞ்சுதா அங்க?"

"இல்லீங்க."

கல்யாணம் கொட்டாவி விட்டது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ இருமினார்கள். நான்கு வருடமும் நாங்கள் இப்படித்தான் பேசினோம், மழையும் விலைவாசியும். அப்போது, கேட்க வேண்டுமென்று நினைத்து வராத ஒன்றை நான் கேட்டேன்.

"போகும்போது என்னையக் கேட்டீங்களா?"

"என்னது?"

"விசா வந்ததுக்கு அப்பறம்தான சொன்னீங்க. பொட்டி கட்டி வெச்சுட்டு சொன்னீங்க. அதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவர் முகம் சிவந்தது. "இப்ப எதுக்கு அது? ஆபீஸ்ல நின்னுக்கிட்டு!"

"இங்கதான் கேக்கச் சொல்றாங்க."

கல்யாணம் எழுந்து உட்கார்ந்தது. அதன் காதுகள் நிமிர்ந்தன. நான் அவருடைய அம்மாவிடம் சரியாகப் பேசுவதில்லை என்றார் அவர். நான் பேசினேன், அவருடைய அம்மாதான் பேசவில்லை என்றேன். போலந்து போன பிறகு வந்த முதல் தீபாவளிக்கு அவர் மட்டும் ஊருக்கு வராததை நான் எடுத்தேன். அவருடைய பிறந்தநாளன்று நான் போனை அணைத்து வைத்ததை அவர் எடுத்தார். கல்யாணம் என் இடுப்புக்கு வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் காகிதங்களை எடுத்துக்கொண்டு இடம் விட்டார்கள்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?" என்றார் அவர்.

"போவாதீங்கன்னு சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன் கோகி. அதனாலதான் கேக்கல."

அவருடைய லாரிக் கண்ணாடியில் பனி மூடிக்கொண்டே வந்தது, அவர் துடைக்கவில்லை. கல்யாணம் என் தோள் உயரத்துக்கு வந்து, திரையை மெல்ல முகர்ந்து பார்த்தது.

"போதும்மா, போதும்" என்றார் அமலோற்பவம். "இதுக்கு மேல வளர்ந்தா வாசல்ல போகாது."

அதன் வலது காதுக்குப் பின்னால் ரோமத்தை ஒதுக்கி முத்திரையைக் குத்தினார். அது அசையவே இல்லை. நான் எதிர்பார்த்ததுதான்.

மறுநாள் மொழிபெயர்ப்பாளரிடம் போனோம். அவர் கல்யாணத்தை உள்ளறைக்கு அழைத்துச் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது அதற்குப் போலிஷ் மொழி புரிந்தது. "ஒரே ஒரு இடம்தான் சரியா வரல" என்றார் மொழிபெயர்ப்பாளர். "வீட்டுக்காரரை நீங்க திட்டும்போதும் ஒரு 'ங்க' போடறீங்க இல்ல? அதுக்கு அங்க வார்த்தை கிடையாது. அப்படியே விட்டுட்டேன்." நல்லதென்று சொன்னேன்.

விமானத்தில் கல்யாணத்துக்கு ஜன்னலோர இருக்கை கொடுத்தார்கள். வார்சாவில் இறங்கியதும் குடியேற்ற அதிகாரி அதன் காதை மடித்துப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் உள்ளே விட்டார்.

வெளியே என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். இளைத்திருந்தார். தலையில் கம்பளித் தொப்பி. என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். கல்யாணம் ஓடிப்போய் அவர் மேல் தாவியது. இருவரும் பனியில் விழுந்தார்கள். நான் சிரித்துக்கொண்டே பெட்டியோடு நின்றேன்.

அவருக்குப் பின்னால் நிறுத்தியிருந்த லாரி முகப்பு விளக்கைத் தாழ்த்தியது. "வாங்க அண்ணி" என்றது. நல்ல நாமக்கல் தமிழ். "குளுருதுங்களா? உள்ள சூடா இருக்குதுங்க, ஏறுங்க. அண்ணன் உங்களப் பத்திப் பேசாத நாளே இல்லீங்க."

"அப்படியா தம்பி, வேற என்ன சொன்னாரு?" என்று கேட்டுக்கொண்டே ஏறி உட்கார்ந்தேன்.