லிஃப்ட் கம்பெனி அக்கா

கார் சாவி பொத்தானின் கையில் இருந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பொத்தானுக்கு நாலு வயது. எதில் பொத்தானைக் கண்டாலும் அமுக்கிவிடுவான், அதனால் வந்த பெயர். அவனுடைய அக்காவுக்கு ஏழு. மெதுவாகப் பேச வராது, ஆகவே டமாரம். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு அப்பாவின் பேச்சு சாப்பிடு, தூங்கு, செருப்பைப் போடு என்ற அளவில் நின்றுவிட்டது.

கோடை விடுமுறை முழுக்கப் பிள்ளைகள் டிவி முன்னால் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் மச்சான்தான் எல்லோரையும் ஆற்றுக்குக் கிளப்பினான். மச்சான் என்றால் இறந்துபோன அம்மாவின் அண்ணன். காலையிலிருந்து ஒரே அமர்க்களம். வாடகைக்கு எடுத்த பெடல் படகு நேராகப் போகாமல் வட்டமடித்தது. டமாரம் தூண்டில் போட்டு ஒற்றைச் செருப்பு பிடித்தாள். பொத்தானின் ஐஸ்கிரீம் தண்ணீரில் விழ, மச்சான் அதைக் காப்பாற்றப் போய்த் தானும் விழுந்தான்.

"மாமா, ஐஸ்கிரீம் கரைஞ்சிருச்சு, நீ ஏன் கரையல?"

"நான் பழைய சரக்குடா."

பிள்ளைகளின் அப்பாவான அவன் கூடச் சிரித்தான். சிரித்ததைத் தானே கவனித்து நிறுத்திக்கொண்டான்.

கிளம்பும் நேரம். பிள்ளைகள் காருக்கு ஓடினார்கள். பொத்தான் சாவியைக் கேட்டான், அப்பா கொடுத்தான். ஆற்றோரம் நின்று அவனும் மச்சானும் பாயிலிருந்த மணலை உதறினார்கள். ஈரத்துணியைப் பிழிந்தார்கள். காலையில் நிழலில் விட்ட கார் இப்போது முழு வெயிலில் நின்றது. அது அவன் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை.

மேட்டில் ஏறி வந்து கதவை இழுத்தான். திறக்கவில்லை.

பழைய கார். டிரைவர் பக்கத்துக் குமிழை அமுக்கினால் நாலு கதவும் பூட்டிக்கொள்ளும். அதே குமிழை மேலே இழுத்தால்தான் நாலும் திறக்கும், மற்ற கதவுகள் தனியாகத் திறக்காது. குமிழ் உள்ளே அமுங்கியிருந்தது. கண்ணாடிகள் மேலே ஏறியிருந்தன. டிரைவர் இருக்கையில் பொத்தான், பக்கத்தில் டமாரம். இரண்டு முகமும் சிவந்திருந்தன. தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. டமாரம் அவனைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"திற" என்றான் அவன்.

டமாரம் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் அவள் குரல் கேட்டது. "லிஃப்ட் மாட்டிக்கிச்சு!"

அவன் கதவைப் பலமாகக் குலுக்கினான்.

அது அவர்கள் வீட்டு விளையாட்டு. துணி அலமாரிதான் லிஃப்ட். பிள்ளைகள் உள்ளே மாட்டிக்கொள்வார்கள். மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தொடவே கூடாது, வெளியிலிருந்து யார் சொன்னாலும் திறக்கக் கூடாது. இரண்டு மாடிக்கு நடுவில் கதவைத் திறந்துகொண்டு குதித்து அடிபட்டவர்களை அவன் வேலையில் பார்த்திருந்தான். அதனால் பிள்ளைகளுக்கு இதை அழுத்தமாகவே சொல்லிக்கொடுத்தான். சோதித்தும் பார்ப்பான். வெளியே நின்று அலறுவான், கெஞ்சுவான், அழுவான். ஏமாறாமல் இருந்தால் பாராட்டு. கடைசியில் கம்பெனியிலிருந்து ஃபோன் வரும். கம்பெனி சொன்னால் மட்டும் திறக்கலாம்.

"டமாரம், இது விளையாட்டு இல்ல. நெஜமாவே சொல்றேன். அந்தக் குமிழை இழு!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "போன தடவையும் இதையேதான் சொன்ன!"

சொல்லியிருந்தான். அதுதான் அவனுடைய ஆகச் சிறந்த தந்திரம்.

"என்ன மாப்ள, பசங்க கூட இப்ப என்ன பேச்சு? உள்ள அனலா கொதிக்கும்!" மச்சான் காரைச் சுற்றி ஓடி ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்த்தான். ஆற்றங்கரைக் கல் ஒன்றை எடுத்துவந்து பின்கண்ணாடியில் ஓங்கி அடித்தான். வழவழப்பான உருண்டைக் கல். கண்ணாடி அதிர்ந்தது, உடையவில்லை. மறுபடி அடித்தான். கல் கையை விட்டு நழுவித் தெறித்தது. பொத்தான் காதைப் பொத்திக்கொண்டு இருக்கைக்குக் கீழே சுருண்டான். டமாரத்தின் சிரிப்பு நின்றது.

"கூர்மையா ஏதாவது வேணும். ஜாக்கி, ஸ்பேனர்?"

"எல்லாம் டிக்கியில."

"நாசமா போச்சு. படகுக்காரன்கிட்ட கம்பி இருக்கும். இதோ வந்துட்டேன்." மச்சான் சட்டென்று நின்று தன் ஃபோனை அவன் கையில் திணித்தான். "ஆம்புலன்ஸைக் கூப்பிடு." சரிவில் இறங்கி ஓடினான்.

அவன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். இடத்தைச் சொன்னான். தூரம் அதிகம், கிளம்பிவிட்டோம் என்றார்கள். உள்ளே டமாரம் தலையை இருக்கையில் சாய்த்திருந்தாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடாமலிருந்து அவன் பார்த்ததே கிடையாது.

அவனுடைய ஃபோன் உள்ளே, முன்கண்ணாடிக்குக் கீழே கிடந்தது. மச்சானின் ஃபோனிலிருந்து அதைக் கூப்பிட்டான். பிள்ளைகளுக்குத் தெரியாமலிருக்கக் காருக்குப் பின்னால் குந்திக்கொண்டான்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுடா.

"அலோ!" பொத்தான். குரலில் அப்படி ஒரு துள்ளல்.

விளையாட்டில் கம்பெனி என்பது அவன் மனைவிதான். சமையலறையில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவாள். அவனும் மூக்கைப் பிடித்துக்கொண்டான். "வணக்கம். லிஃப்ட் கம்பெனி. உள்ள எத்தனை பேர்?"

"நீ அப்பா."

"இல்ல, நான் கம்பெனி. கதவைத் திறக்கலாம். குமிழை மேல இழு."

"கம்பெனி அக்கா எங்க?"

"அக்காதான் சொல்லச் சொன்னாங்க."

"அவங்களே சொல்லட்டும்."

ஃபோனில் டமாரத்தின் குரல் நடுவே வந்தது, பாதியாகத் தேய்ந்து. "அப்பா, இவன்தான் பூட்டினான். மாட்டிக்கிட்டா அந்த அக்கா ஃபோன் பண்ணுவாங்களாம். திறந்துடுன்னு நான் சொன்னேன், கேக்க மாட்டேங்கறான். எனக்குத் தலை சுத்துது."

"நீ இழும்மா. எழுந்து அந்தக் குமிழை இழு."

"தள்ளி விடறான். கடிக்கறான்."

அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. அம்மா இறந்தது பொத்தானுக்குத் தெரியும். பார்த்தான், பூ போட்டான். ஆனால் கம்பெனி அக்கா அவனுக்கு வேறு ஆள். அவள் எங்கோ ஓர் ஆபீஸில் உட்கார்ந்திருந்தாள். யாராவது மாட்டிக்கொண்டால் ஃபோன் செய்யத் தயாராக இருந்தாள். இந்த ஆறேழு மாதமாகப் பொத்தான் அவளுக்காகக் காத்திருந்திருக்கிறான். அம்மாவைப் பற்றியே வீட்டில் யாரும் பேசாததால் அந்த அக்காவைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

லிஃப்டில் மாட்டியவர்களிடம் அவன் பொய் சொல்வதில்லை. வந்துவிட்டேன் என்று தெருமுனையிலிருந்து சொல்ல மாட்டான். ஒரு பொய் பிடிபட்டால் அதற்குப் பிறகு உள்ளே இருப்பவர் எதையும் கேட்க மாட்டார்.

மூக்கிலிருந்து கையை எடுத்தான். எழுந்து சுற்றி வந்து டிரைவர் கண்ணாடியருகே நின்றான். பொத்தான் ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டு அவனைப் பார்த்தான். உதடு காய்ந்திருந்தது.

"பொத்தான். கம்பெனி அக்கா அம்மாதான்டா."

"இல்ல. அக்கா குரல் வேற."

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டு அம்மா பேசினா. சமையல்கட்டுல நின்னு."

பொத்தான் டமாரத்தைத் திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணை மூடியபடியே தலையாட்டினாள்.

"அப்ப அந்த அக்காவும் செத்துட்டாங்களா?"

ஃபோனில் தன் மூச்சே தனக்குக் கேட்டது.

"ஆமா."

"இனிமே ஃபோன் வராதா?"

"வராது. எவ்வளவு நேரம் உள்ள இருந்தாலும் வராது. நான் வந்திருக்கேன். வெளிய நான்தான்டா இருக்கேன். திற, கண்ணு."

பொத்தானின் முகம் கோணியது. ஃபோன் மடியில் விழுந்தது. வாய் திறந்து அழுதான். குமிழ் அப்படியே இருந்தது. அப்பா கதவின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். சரிவில் மச்சான் கம்பியோடு ஓடி வரும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. கண்ணை எடுத்தால் பையன் திறக்காமலே விட்டுவிடுவான் என்று தோன்றியது.

அழுதுகொண்டே பொத்தான் இரண்டு விரலால் குமிழைப் பிடித்து இழுத்தான். வழுக்கியது. சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தான்.

கதவு திறந்தது. அடுப்பைத் திறந்ததுபோல் அனல் முகத்தில் அடித்தது. ஒரு கையில் இவனையும் மறு கையில் அவளையும் வாரிக்கொண்டு அவன் சரிவில் இறங்கினான். செருப்பு போன இடம் தெரியவில்லை. முழங்காலளவு தண்ணீரில் அப்படியே உட்கார்ந்தான். மச்சான் பின்னாலேயே வந்து இரண்டு தலையிலும் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினான். குடிதண்ணீர்ப் பாட்டிலை டமாரத்தின் வாயில் வைத்தான்.

"மெதுவா, மெதுவா. ஒரேடியா குடிக்காத."

அவள் இருமினாள். பிறகு, "மாமா, மூக்குல ஊத்தற!" என்று கத்தினாள். கரையிலிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினாள். மச்சான் அந்த இடத்திலேயே தண்ணீரில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். கம்பி இன்னும் அவன் மடியில் இருந்தது.

பொத்தான் அப்பாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்து அழுதான். அம்மா இறந்த அன்று இப்படி அழவில்லை. அப்பாவும் அவனை நிறுத்தச் சொல்லவில்லை. முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். ஆம்புலன்ஸ் வந்தால் காட்ட வேண்டும். அதுவரை தண்ணீர் போதும்.

அழுகை விக்கலாகியது. முகத்தை எடுக்காமலே கேட்டான்.

"அம்மா வேற யாரா எல்லாம் இருந்தாங்க?"

அவன் யோசித்தான். "குளியலறைக் குழாய்க்குள்ள இருந்து ஒரு பூதம் பேசும்ல?"

"ம்."

"அது அம்மா."

"தெரியும்" என்றாள் டமாரம்.

"விழுந்த பல்லைக் கேட்டு வர்ற எலி?" என்றான் பொத்தான்.

"அதுவும் அம்மாதான்."

"கட்டிலுக்கு அடியில உறுமின புலி?"

"அது..." அவனுக்கு நினைவில்லை. "அது நான்."

"பொய். உனக்கு உறும வராது. பூனை மாதிரி கத்துவ."

"அந்தப் புலி நான்டா" என்றான் மச்சான். "உங்கம்மாதான் என்னை இழுத்துட்டுப் போய் அடியில படுக்க வெச்சா. எழுந்திருக்க முடியாம முதுகு பிடிச்சுக்கிச்சு. அவ கட்டில் மேல உக்காந்து சிரிக்கறா, எனக்குக் கைகொடுக்கணும்னு அவளுக்குத் தோணல."

"உறுமு பாக்கலாம்" என்றான் பொத்தான்.

மச்சான் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். முதல் தடவை சத்தம் வரவில்லை.