எட்மண்டின் இனிப்பு நீர்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: எட்மண்ட், செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் மகள் ஷார்லீன், பக்கத்து வீட்டு ஜரீனா, அடுக்குமாடி வீடுகளைப் பராமரிக்கும் பேட்டை அலுவலகம் அனுப்பிய குழாய்க்காரர் கதிரேசன். சமையலறைக் குழாயில் வந்த தண்ணீர் இனித்தது. கதிரேசன் விரலை நக்கிப் பார்த்துவிட்டு, "யாரு அங்கிள் தொட்டியில சீனி கொட்டுனது?" என்றார். ஜரீனா தன் வீட்டிலும் அப்படித்தான் என்றார். "டீக்கு சீனி வாங்குறதையே விட்டாச்சு லா. எறும்புதான் தாங்கலை."

இது ஒரு சொல்லால் வந்தது. ஃபேரர் பார்க்கில் அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் லிஃப்ட் பழுதாகி மாதக்கணக்காகியிருந்தது. எட்மண்ட் அலுவலகத்துக்குப் போன் செய்து, "எனக்கு இனிப்பு நீர் இருக்கு, கால்ல புண்ணு, படி ஏற முடியலை" என்றார். அவர் வயதுக்காரர்கள் சர்க்கரை வியாதியை அப்படித்தான் சொல்வார்கள். போனை எடுத்த பெண் அதைப் பள்ளியில் நீரிழிவு என்று படித்தவள். குழாயில் இனிப்பான நீர் வருவதாகப் பதிந்துகொண்டாள். புகார் குழாய்ப் பிரிவுக்குப் போனது, லிஃப்டைப் பார்க்க யாரும் வரவில்லை. தண்ணீர் மறுநாளே இனிக்கத் தொடங்கியது.

பிறகு எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. படி இறங்க முடியாததால் எட்மண்ட் ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. பூசை முடிந்து காப்பிக்கடையில் உட்காரும் கூட்டத்தோடுதான் அவர் பேசுவார், அதுவும் போயிற்று. பிஸ்கட்டும் பாக்கெட் காப்பியுமாகத் தனியே உட்கார்ந்ததில் சர்க்கரை ஏறியது, குழாயில் பாகு வந்தது. ரத்தக் கொதிப்பு ஏறிய நாள்களில் அந்த மாடியின் கெட்டில்கள் எல்லாம் சுவிட்ச் போடாமலே கொதித்தன. சிறுநீரகம் தளர்ந்தபோது பாத்திரம் கழுவும் தொட்டிகள் அடைத்துக்கொண்டன. கொதிப்பு டாக்டர் நீர் பிரியும் மாத்திரை கொடுத்தார். கெட்டில்கள் அடங்கின, குழாய்கள் வறண்டன. சிறுநீரக டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தினார். தண்ணீர் வந்தது, கெட்டில்கள் மறுபடி கொதித்தன. புண்ணுக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு வேறொருவர், அத்தனை பேரையும் போன் திரையில்தான் பார்த்தார். எல்லாரும் கெட்டிக்காரர்கள், அவரவர் துண்டை ஒழுங்காகப் பார்த்தார்கள். முழு ஆளைப் பார்ப்பது யாருடைய வேலையும் அல்ல. லிஃப்ட் எந்த டாக்டரின் பிரிவிலும் வராது.

எதிர்த் திசையிலும் அது ஓடியது. ஜாலான் புசார் ஹோட்டலில் ஜரீனாவின் வேலை போன அன்று, விஷயமே தெரியாத எட்மண்டுக்குக் கொதிப்பு எகிறியது. மேல்மாடியில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால் அவர் கால் வீங்கியது. ஆறிக்கொண்டிருந்த புண், ஷார்லீன் வராத வாரங்களில் திறந்துகொண்டது.

அவரை வேறெங்காவது அனுப்பச் சொல்லி அண்டை வீட்டார் ஷார்லீனிடம் பேசினார்கள். அவள் இரண்டு வேலை பார்ப்பவள். செம்பவாங்கில் ஒரு பராமரிப்பு இல்லத்தை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள். எட்மண்டுக்கு வேண்டியது ஒன்றுதான், மனைவி அந்தோனியம்மாள் செத்த அந்த வீட்டிலேயே தானும் சாக வேண்டும். கதிரேசன் குழாயைப் பார்க்க வந்த அன்று அவர் மகளிடம் கேட்டார்.

"நான் போனா தண்ணி நல்லாயிடுமா?"

"தெரியலை டாடி. நாளைக்கு டாக்டரு உங்க காலையே வெட்டி எடுக்கணும்னு சொல்லிட்டா, யாரு உங்களைத் தூக்கிட்டு இறங்குறது? நானா?"

"லிஃப்டை ரிப்பேர் பண்ணச் சொல்லு."

"சொன்னேன். நம்ம பேர்ல தண்ணி புகார் ஓப்பனா இருக்காம். அது முடிஞ்சாத்தான் அடுத்ததாம்."

ஜரீனா சிரித்துவிட்டார். எட்மண்டும் சிரித்தார். அத்தோடு அவர் இல்லத்துக்குப் போவதென்று முடிவாகிவிட்டது. அவரை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். கதிரேசன் ஒரு பக்கம் பிடித்தார்.

அவர் போனதும் தண்ணீர்ப் புகாரை மூடினார்கள், மறு வாரம் லிஃப்ட் ஓடத் தொடங்கியது. தண்ணீர் மாறவில்லை. அடுத்த வருடம் ஜரீனாவுக்கு இனிப்பு நீர் என்றார்கள், அதற்கடுத்து எதிர்வீட்டுக்காரருக்கு. அந்த மாடியில் பிறந்த பிள்ளைகளுக்குத் தண்ணீரின் ருசியே அதுதான். யாரும் அதற்காகப் போன் செய்வதில்லை.

எட்மண்ட் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்த அன்று, அதீஃப் என்ற பணியாளர் அவரை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். எட்மண்ட் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இனிக்குதா அங்கிள்? இங்க எல்லா ரூம்லயும் அப்படித்தான். இந்தப் பக்கம் கொஞ்சம் உப்பும் கரிக்கும், பழகிடும்."

எட்மண்ட் தலையாட்டிவிட்டு இன்னொரு வாய் குடித்தார். அதீஃப் வெளியே வந்து கதவைச் சாத்தி, வழக்கப்படி பூட்டினார்.